பாம்பே மச்சான்

நான் பாம்பே பார்த்ததில்லை. ஆனால் பல வருஷம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன். நல்ல கம்பெனி, கை நிறையச் சம்பளம், லீவு மட்டும் கிடைக்காது. என் வீட்டார் சொல்லி, ஊரார் ஒத்துக்கொண்டு, தங்கையின் புகுந்த வீட்டார் நம்பிய சேதி இது. அந்த பாம்பே, காவாந்தண்டலத்தைத் தாண்டி உள்ளே போகிற மண் ரோட்டில், எங்கள் நிலத்தின் கோடியில், கிணற்றை ஒட்டி இருந்தது. நாலு பக்கம் செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட்டு, உள்ளே மோட்டாரும் நானும். ஊரில் அதை மோட்டார் கொட்டாய் என்பார்கள்.

அதற்கு முன்னால் நான் பஸ் கண்டக்டர். காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில், மாகறல் வழியாக ஓடுகிற ஒரு பிரைவேட் வண்டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் கண்டக்டர் என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. யார் வீட்டில் என்ன விசேஷம், எவன் எவளுக்காக எந்த ஸ்டாப்பிங்கில் நிற்கிறான், எந்தக் கிழவி மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். வாய் ஓயாது. கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு போய், டிக்கெட் கட்டைப் பிரிக்க விரலை உதட்டில் ஒற்றி, ஒரு சீட்டைக் கிழித்து நீட்டுவேன். இந்த எச்சில் பழக்கம் கண்டக்டர் எல்லாருக்கும் உண்டு. அதைப் பற்றி அப்போது யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் தங்கை அதே வண்டியில்தான் காஞ்சிபுரத்துக்குக் காலேஜ் போனாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டு அவளுடையது. ஆங்கில இலக்கியம் படித்தாள். எங்கள் ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் அவள். என் சம்பளத்தில்தான் படித்தாள் என்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை, ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு பெருமை எனக்கு. மத்தியான டிரிப்பில் வண்டி காலியாக இருக்கும். அப்போது எனக்குப் பாடத்திலிருந்து கதை சொல்வாள். எல்லாம் போன நூற்றாண்டில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது. அதில் வருகிற ஆட்கள் திடீரென்று வேறு என்னவோ ஆகிப்போவார்கள். சொந்த வீட்டிலேயே வேற்றாள் ஆவார்கள். எனக்கு ஒன்றும் புரியாது.

"அது எப்படிடி ஒரு மனுஷன் அப்படி மாறுவான்?" என்று கேட்டேன்.

"அந்தக் கதைங்கள்ல ஆள் ஒன்னும் பெருசா மாறல ணா. வூட்ல கீறவங்கதான் மாறுறாங்க. பரீட்சைக்கு அதத்தான் எழுதணும்" என்றாள்.

அதை நன்றாக எழுதியிருக்க வேண்டும். நல்ல மார்க்கு வாங்கினாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தும்போது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் மடி இல்லாமல் காது குத்து கிடையாது. அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. தங்கைக்குக் காது குத்தும்போது, மாமன் முறை உள்ள ஒருவர் தூரத்து ஊரிலிருந்து வருவதாக இருந்தது. அவர் பஸ்ஸை விட்டுவிட்டார். நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் பரபரத்து, கடைசியில் அரை டிராயர் போட்டிருந்த என்னை இழுத்து உட்காரவைத்து, அவளை என் மடியில் போட்டார்கள். அவள் கத்தின கத்தலில் என் காது அடைத்துப்போனது. என் வெள்ளைச் சட்டையில் அவள் காது ரத்தம் ஒரு பொட்டு ஒட்டியது. அம்மா எவ்வளவோ தேய்த்தும் அது போகவில்லை.

இந்தக் கதையை வண்டியில் அடிக்கடி பேசிச் சிரிப்போம். "என் கொயந்தைக்குக் காது குத்தறப்ப நீயும் பஸ்ஸ வுட்டுட்டு நிக்காத" என்பாள். "மாமன் எதுக்குடி பஸ்ஸ வுடுவான், பஸ்ஸே மாமனுது" என்பேன். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சிரிப்பார்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு, ஜன்னல் கம்பியில் செருகியிருந்த கண்ணாடியில் பார்த்தேன். கீழுதட்டின் ஓரத்தில், உடைந்த அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை. பல்பொடி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. வண்டிக்குப் போனதும் டிரைவர், "வாயத் தொடடா, சுண்ணாம்பு ஒட்டிக்கினு கீது" என்றார். நான் வெற்றிலை போடுகிறவனே இல்லை. அன்றைக்கு முழுக்க நாக்கால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே டிக்கெட் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் விரல் நுனியிலும் வந்தது. டிக்கெட் பிரிக்கிற அதே விரல். உதட்டில் ஒற்றுகிறேன், விரலுக்கு வருகிறது. விரலை ஒற்றுகிறேன், உதட்டுக்குப் போகிறது. அப்படித்தான் நானும் நினைத்தேன், வண்டியில் வந்தவர்களும் நினைத்தார்கள். டிக்கெட் மையில் என்னவோ மருந்து கலக்கிறான் என்று ஒருத்தர் சொன்னார். காஞ்சிபுரத்தில் பார்த்த டாக்டர், "இது குஷ்டம் இல்ல. தொத்தாது. தோல்ல நிறம் போவுது, அவ்வளவுதான். வலி இருக்கா? இல்லல்ல? போ" என்று அனுப்பிவிட்டார். வலி இல்லைதான்.

அம்மாவுக்கு டாக்டர் பேச்சு ஏறவில்லை. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் வெள்ளை விழும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏரி மீன் பிடித்த நாளில் நான் குழம்புச் சோறு தின்றுவிட்டு, அதே தட்டில் தயிரும் போடச் சொல்லியிருக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போட்டிருக்கிறாள். "நானே எம் புள்ளைக்குப் போட்டேனே, இந்தக் கையாலதானே போட்டேன்" என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் சட்டி அடுப்பேறவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவருக்கு மீன் என்றால் உயிர். அவரும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

நாட்டு மருந்துக்காரர் கார்போகரிசி என்கிற விதையைக் கொடுத்து, அரைத்துத் தடவிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னார். தங்கைதான் அரைப்பாள். முதலில் தன் விரலாலேயே என் உதட்டில் தடவிவிட்டாள். வெயிலில் நின்றால் கொப்புளம் கிளம்பும், எரியும், அவள் கண்ணில் தண்ணீர் வரும். அப்புறம் தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் தடவினாள். அப்புறம் கிண்ணத்தைப் பின்கட்டு வாசற்படியில் வைத்துவிட்டு, "ணா, வெச்சிக்கீறேன்" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். எப்போது குச்சிக்கு மாறினாள், எப்போது வாசற்படிக்கு மாறினாள் என்று எனக்கு நினைவில்லை. சண்டை போட ஒரு நாள் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை.

பஸ்ஸிலும் அப்படித்தான். என் உள்ளங்கையில் காசை வைக்கிறவர்கள், மேலிருந்து போட ஆரம்பித்தார்கள். டிக்கெட்டின் ஓரத்தைக் கிள்ளி எடுத்தார்கள். மீதிச் சில்லறையைப் பக்கத்து ஆளை வாங்கச் சொன்னார்கள். வேர்க்கடலை வாங்கினால் ஒரு கை எனக்கென்று எடுத்து வைக்கிற மாகறல் அம்மா ஒருத்தி, முந்தானையை இழுத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். நான் விடுவேனா? "இன்னா அத்த, இன்னிக்கு கடல ஊசிப் போச்சா?" என்றேன். வண்டியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவ்வளவு ஜனம் உட்கார்ந்திருக்கிற வண்டியில் என் பேச்சுக்குச் சிரிப்பில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

முதலாளி நல்லவர். "வண்டிக்கு வர்றவன் கொறையறான்பா. கொஞ்ச நாளு வூட்ல இரு. சரியானதும் வா" என்றார். சரியாகவில்லை.

வீட்டில் என் தட்டு தனியாகக் கவிழ்ந்தது, என் லோட்டா தனியாக நின்றது. யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை. நான் வேலையை விட்டால் வீடு படுத்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். படுக்கவில்லை. நைனா குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தைத் திரும்ப வாங்கி உழுதார், இளைஞனைப்போல் ஏர் பிடித்தார். தங்கை படிப்பை முடித்து ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போனாள். நான் சம்பாதித்துப் போட்ட காலத்தில் சோர்ந்து கிடந்தவர்கள், நான் விழுந்ததும் எழுந்துகொண்டார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வயிறெரிந்தது.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் காப்பி குடிக்கிற வரைக்கும் நன்றாகத்தான் பேசினார்கள். பெண்ணுக்கு அண்ணன் என்று நான் போய்க் கும்பிட்டேன். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். காப்பி பாதியில் நின்றது. "இது பரம்பரையா வர்றதாச்சே" என்று வாசலில் யாரோ சொன்னது உள்ளே கேட்டது. அடுத்து வந்தவர்களுக்கு விஷயம் வருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்கள் வரவே இல்லை.

ஒரு சாயங்காலம் நான் பின்கட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே தங்கை பேசுவது கேட்டது. அழவில்லை, கோபப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரலில் பேசினாள்.

"அண்ணன் இங்க கீற வரைக்கும் எனக்கு ஒன்னும் நடக்காதும்மா. அண்ணன் வெளியூர்ல வேலைல கீதுன்னு சொல்லிடுங்க. எனக்கு வேற வழி தெரியல."

"எந்த ஊருன்னுடி சொல்றது?" என்றாள் அம்மா.

அப்புறம் நைனா, "பாம்பேன்னு சொல்லு. எவன் போய்ப் பாக்கப் போறான்" என்றார்.

மாடு குடித்து முடித்துவிட்டது. நான் வாளியைப் பிடித்தபடியே நின்றேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, அதுதான் என்னை எரித்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மத்தியான வண்டியில் எனக்குக் கதை சொன்னவள் அவள். மாறுவது யார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். மறுநாள் யாரும் சொல்வதற்கு முன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். அம்மா தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். போர்வையை எடுத்துவந்து கொடுத்தாள்.

அப்புறம் நடந்தது வேடிக்கை. ஊரே சேர்ந்து எனக்கு பாம்பேயில் வேலை வாங்கிக் கொடுத்தது. வந்தவாசிப் பக்கமிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை, அப்பா அம்மாவோடு பெண் பார்க்க வந்தார். என்னுடைய பழைய வண்டியிலேயே வந்தார்கள். பெண் வீட்டைப் பற்றி டிரைவரிடம் விசாரித்திருக்கிறார்கள். மறுநாள் டிரைவர் கொட்டாய்க்கு வந்து, கண்ணெல்லாம் மின்ன என்னிடம் சொன்னார். "பையன் தங்கம், பாம்பேல பெரிய கம்பெனில கீறான், தங்கச்சின்னா உசுரு, மாசா மாசம் பணம் அனுப்பறான்னு அடிச்சி வுட்டேன்டா! அசந்து பூட்டாங்க!" எனக்கு உபகாரம் செய்துவிட்ட திருப்தி அவருக்கு. "ரொம்ப தேங்ஸு" என்றேன். காசை மேலிருந்து போட்ட ஜனங்களும் அந்த வீட்டார் காதில் ஒரு வார்த்தை போடவில்லை. என் தங்கை நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் மனதார நினைத்தார்கள். நான் கண்ணில் படாமல் இருக்கிற வரைக்கும் என் மேலும் அவர்களுக்குப் பிரியம்தான்.

கல்யாணம் உத்திரமேரூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்களில் பெண்ணின் கூடப்பிறந்தவன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மச்சான் மோதிரம் போடுவார். என் சித்தப்பா மகன் அதைச் செய்தான். கல்யாண வேன் எங்கள் மண் ரோட்டைத் தாண்டிப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். கிளம்புவதற்கு முன்னால் அவள் ஒரு தடவை வந்து நிற்பாள் என்று காலையிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. மஞ்சள் பூசி நலங்கு வைத்த பெண் வெளியே வரக்கூடாது என்பது சாஸ்திரம். அது எனக்கும் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் நைனா வந்தார். இலைச் சாப்பாட்டை மடித்து ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். வரப்பில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லபடியா முடிஞ்சிதுப்பா."

"கையப் புடிச்சி இட்டுக்கினு வந்தது யாரு?"

"உன் தம்பிதான். நல்லாவே செஞ்சான்." தம்பி என்றது சித்தப்பா மகனை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். "மாப்ள குடுத்தாரு. பாம்பே மச்சானுக்கு வேட்டி சட்டையாம். லீவுல வர்றப்ப கட்டிக்கச் சொல்லுங்க மாமான்னாரு. நல்ல மனுஷன்."

சொல்லிவிட்டு நைனா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் எழுந்து போய்விட்டார்.

வேட்டியை ஸ்டார்டர் பெட்டிக்கு மேலே பலகையில் வைத்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் இன்னொன்று வந்தது. நேரில் பார்க்காத மச்சானுக்கு முறை தவறாமல் வேட்டி எடுத்து வைக்கிற ஆள் அவர். முகம் தெரியாத ஒருத்தர்தான் என்னை அந்த வீட்டுப் பிள்ளையாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு உத்திரமேரூரில் இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவர், காஞ்சிபுரத்தில் இருந்த தன் குடோனில் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். உள்ளேயே இருக்கிற வேலை, வெயில் படாது. பாய் அதிகம் பேச மாட்டார். காலையில், "நாஷ்டா ஆச்சா?" என்பார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மா எப்போதாவது காஞ்சிபுரம் வருகிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். இதற்குள் வெள்ளை கையெல்லாம் ஏறி, கழுத்து, முகம், முதுகு என்று பரவியது. கறுப்பு அங்கங்கே தீவு தீவாகச் சுருங்கியது. கடைசியில் காதுக்குப் பின்னால் இருந்த ஒரு திட்டும் போய், நான் முழு வெள்ளை ஆனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னாலேயே முதலில் நம்ப முடியவில்லை. புள்ளி இருந்தால்தான் நோயாளி. முழுசும் வெளுத்துவிட்டால் சேட்டு. கோயில் தெருவில் நடந்தால் பட்டுப்புடவை புரோக்கர்கள், "சாப், சில்க் சாரி சாப்" என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். ஓட்டலில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். நான் தமிழில் பேசினால், "நம்ம பாஷை சூப்பரா பேசுறாரே" என்று மெச்சிக்கொண்டார்கள். எந்த ஜனம் என் கையில் காசு போடப் பயந்ததோ அதே ஜனம். சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பிறந்து வளர்ந்த மண்ணில் மதிப்பு வேண்டுமென்றால் அந்நியனாக வந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்ததை அம்மா வந்து சொன்னாள். அப்புறம் ஒரு தடவை வந்தவள், முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள். மாகறல் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்தப் போகிறார்கள், நாள் வைத்துவிட்டார்கள் என்றாள்.

"மாமன் மடி?"

"உன் தம்பிதான் உக்காரப்போறான். நீ வராதப்பா. தெரிஞ்சா அவ வாய்க்கையே பேஜாராப் பூடும்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் வாய் திறக்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். மடி வேண்டாம். தூரத்தில் நின்று அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு நான் கொடுத்த வாக்கில் பாதியாவது மிஞ்ச வேண்டும் என்று தோன்றியது.

மாப்பிள்ளை கொடுத்த வேட்டிகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு என் பழைய ரூட் பஸ்ஸில் ஏறினேன். புது டிரைவர், புது கண்டக்டர். அந்தப் பையன் என்னிடம் இந்தியில் என்னவோ கேட்டான். "மாகறல் ஒண்ணு" என்றதும் வாயைப் பிளந்தான். விரலை உதட்டில் ஒற்றி டிக்கெட்டைக் கிழித்தான். பக்கத்து சீட்டில் ஒரு ஆள் வந்து என் தோளில் தோள் படும்படி உட்கார்ந்து, மாகறல் வரும்வரை தூங்கிக்கொண்டே வந்தான்.

கோயிலில் கூட்டம் அதிகமில்லை. மரத்தடியில் பந்தல் போட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நைனா செருப்பைத் தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார். சித்தப்பா மகன் சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். அவன் விரலில் அந்த மச்சான் மோதிரம் இருந்தது. காது குத்துகிற பத்தர் ஊசியை எடுத்தார். குழந்தை கத்தினான். அவன் அம்மாவின் அதே கத்தல். என்னையறியாமல் என் கால் இரண்டும் ஒரு அடி முன்னால் போய்விட்டன. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கட்டி எழுப்பிய வாழ்க்கையை அண்ணன் ஒரு வார்த்தையில் இடித்துவிட்டுப் போக வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

பந்தி போட்டார்கள். நான் கிளம்பத்தான் திரும்பினேன். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். மெய்யாகவே பிடித்தார், வெறும் கையால். தங்கையின் புருஷன்.

"சார், கோயிலுக்கு வந்தவங்க பசியோட போவக்கூடாது. எம் பையனுக்கு விசேஷம். ரெண்டு வாய் சாப்ட்டு போங்க."

கையை விடாமலே அழைத்துப் போய் பந்தியில் உட்காரவைத்தார். அம்மா மோர் கொண்டுவந்தாள். பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தாள். அம்மா என்னிடம், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள். பெற்றவள் மரியாதை கொடுத்துக் கேட்கிறாள். "போதுங்க" என்றேன்.

கை கழுவி வந்ததும் மாப்பிள்ளை மறுபடி பிடித்து ஜமக்காளத்தில் உட்காரவைத்தார். "வேட்டிலாம் கட்டிக்கினு, தமிழ்லாம் பேசிக்கினு, பிரமாதம் சார். எந்த ஊரு உங்களுக்கு?"

அவருக்குப் பின்னால் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் என் வாயையே பார்த்தது. நான் எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். இதோ, ஆத்துக்கு அந்தப் பக்கம் தெரியுதே, அந்த ஊர் என்று சொல்லியிருக்கலாம்.

"பாம்பே" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அட! எங்க மச்சானும் பாம்பேதான் சார்!" என்று திரும்பி, தங்கை என்ன ஏதென்று தடுப்பதற்குள் குழந்தையை அவள் இடுப்பிலிருந்து எடுத்தார். "டேய், உங்க மாமன் ஊருக்காரருடா" என்று என் மடியில் உட்காரவைத்தார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். அவன் தலையிலிருந்த சந்தனம் என் தாடையில் ஒட்டியது. காதிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் அவன் அப்பா கொடுத்த வேட்டியிலேயே விழுந்தது.

மாப்பிள்ளை என் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரிய ஊருதான், தெரியும். இருந்தாலும் எங்கியாவது எங்க மச்சானப் பாத்தீங்கன்னா ஒன்னு சொல்லணும் சார். குடும்பத்துக்குள்ள எவ்வளவோ இருக்கும், அதெல்லாம் நான் கேக்க மாட்டேன். ஒரே ஒரு தடவ வந்து இவன மடில வெச்சிக்கினு போவச் சொல்லுங்க. இவ வாயத் தொறந்து சொல்றதில்ல, ஆனா ராத்திரில அண்ணான்னு பொலம்புறா."

"சொல்றேன்" என்றேன்.

"குடுங்க சார், வெயிலாவுது" என்றாள் தங்கை.

கொடுத்தேன். இரண்டு கையையும் என் கைக்கு நன்றாகத் தள்ளி அடியில் கொடுத்து, என் விரல் எங்கேயும் படாமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஜனங்கள் டிக்கெட்டை அப்படி வாங்குவதை அவள் என் பஸ்ஸில்தான் பார்த்திருக்கிறாள்.